கூட இருப்பவரும் பசித்திருக்கிறார்

(தவக்காலத்தின் ஞாயிறு காலையில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடுகிறோம்.)



அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்குச் சாப்பாடு உண்டு. காலையில் ரொட்டியும் பாலும், மதியம் சோறும் முட்டையும் வார்டுக்கே வந்துவிடும். மக்களின் வரிப்பணத்தில் நடக்கிற நல்ல காரியம் அது. இன்று நான் பேச வந்தது அந்தக் கட்டிலில் படுத்திருப்பவரைப் பற்றி அல்ல. கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து முடங்கியிருக்கிறாரே, அவரைப் பற்றி.

அவருக்கு மருத்துவமனைக் குறிப்பேட்டில் பெயர் கிடையாது. ‘கூட இருக்கிற ஆள்’ என்பார்கள், ‘அட்டெண்டர்’ என்பார்கள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது, ரத்தம் எடுத்த குழாயை லேபில் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காக நிற்பது, ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரோடு போவது, நடுராத்திரியில் குளுக்கோஸ் தீர்ந்துவிட்டதா என்று விழித்துப் பார்ப்பது எல்லாம் அவர்தான். தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் உள்ளே விடமாட்டார்கள். வெளியே நடையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாப்பிட எழுந்து போன நேரத்தில் டாக்டர் வந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்திலேயே பலர் எழுந்திருப்பதில்லை.

சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அந்த அட்டையைக் காட்டிச் சோறு வாங்க முடியாது. ஒரு வேளைக்கு 50 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், மூன்று வேளை, ஒரு நாளைக்கு 300 ரூபாய். பத்து நாள் இருந்தால் 3,000. அந்தப் பத்து நாளும் அவர்களுக்குக் கூலி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில் எத்தனையோ ஏழைகள் பசியாறினார்கள். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் எல்லா ஊரிலும் அது இல்லை. அதனால் என்ன நடக்கிறதென்றால், நோயாளி சாப்பிட்டு மீதி வைப்பதைச் சாப்பிடுகிறார்கள். இல்லையென்றால் காலையில் ஒரு டீ, ஒரு வர்க்கி. ‘சாப்பிட்டாச்சா?’ என்று கட்டிலில் கிடப்பவர் கேட்டால், ‘ஆச்சு ஆச்சு, நீங்க சாப்பிடுங்க’ என்பார்கள். அரசு மருத்துவமனை வார்டுகளில் அதிகம் சொல்லப்படும் பொய் இதுதான் என்று எனக்குத் தோன்றும். கடவுள் இந்தப் பொய்யைப் பாவக் கணக்கில் எழுதமாட்டார்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அந்த வீட்டுக்காரர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியோ காப்பியோ வந்துவிடும். யாரும் கேட்டு வருவதில்லை, யாரும் கணக்கு வைப்பதில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலும் அப்படித்தான். ‘நீ பிள்ளையைப் பாரு, நான் ரெண்டு பேருக்குச் சேர்த்துப் பொங்கிடுறேன்’ என்று அடுத்த வீட்டு அக்கா சொல்லிவிடுவார். மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்தும் கடலோரத்து ஊரிலிருந்தும் இரண்டு பஸ் மாறிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து கிடப்பவருக்கு அந்த அக்கா கிடையாது. அவருடைய வீட்டு அடுப்பு 80 கிலோமீட்டருக்கு அப்பால் எரியாமல் கிடக்கிறது. நல்ல சமாரியர் உவமையில் திருச்சட்ட அறிஞர் இயேசுவிடம் கேட்ட கேள்வி, தனக்கு அடுத்திருப்பவர் யார் என்பது. அடுத்த வீடே இல்லாத இடத்தில் அடுத்த வீட்டுக்காரராக இருக்க யார் வருவார் என்றுதான் அந்த உவமை நம்மைத் திருப்பிக் கேட்கிறது.

மாற்கு நற்செய்தி எட்டாம் அதிகாரத்துக்கு வருவோம். அப்பம் பலுகிய நிகழ்ச்சி என்றதும் நமக்கு ஐயாயிரம் பேரும் ஐந்து அப்பமும்தான் நினைவுக்கு வரும். எட்டாம் அதிகாரத்தில் இருப்பது இன்னொன்று. நாலாயிரம் பேர், ஏழு அப்பம், சில சிறு மீன்கள். முந்தைய அதிகாரத்தைப் பார்த்தால் இயேசு தெக்கப்பொலிப் பகுதிக்கு வந்திருப்பது தெரியும். அங்கே பெரும்பாலும் யூதரல்லாத மக்கள். அங்கே கூடியிருந்தவர்கள் யாரையும் எந்த ஊர், எந்த மதம், யாரைக் கும்பிடுகிறவர் என்று அவர் விசாரிக்கவில்லை. அவர் கவனித்தது மூன்று விஷயங்களை. மூன்று நாளாகக் கூடவே இருக்கிறார்கள்; சாப்பிட ஒன்றுமில்லை; சிலர் வெகு தொலைவிலிருந்து வந்தவர்கள், பட்டினியாய் அனுப்பினால் வழியில் மயங்கி விழுவார்கள். எத்தனை நாளாக இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, எங்கிருந்து வந்தீர்கள் என்று நாம் யாரையும் கேட்கிற சாதாரணக் கேள்விகள்தான் இவை. மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

அந்த இடத்தில் இயேசுவின் இரக்கத்தைச் சொல்ல மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல், ‘ஸ்பிளாங்க்னா’ என்ற சொல்லிலிருந்து வருவது. அதற்குக் குடல், உள்ளுறுப்பு என்று பொருள். குருமடத்தில் இதைப் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்துகொண்டோம். தமிழனுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கிரேக்கம் வேண்டாம். ‘பெத்த வயிறு பத்தி எரியுது’ என்று நம் தாய்மார் சொல்வதும், ‘அடிவயித்தைக் கலக்குது’ என்று நாம் சொல்வதும் அதேதான். இரக்கம் தலையில் தொடங்குவதில்லை, வயிற்றில் தொடங்குகிறது. இன்னொருவருடைய வயிறு காய்வதை என் வயிறு அறிகிறது.

பசிக்காமலேயே பட்டினி கிடப்பவர்களும் உண்டு. சாமுவேலின் இரண்டாம் நூலில் தாவீதின் குழந்தை நோயாய்க் கிடக்கிறது. அரசர் தரையில் கிடந்து உண்ணா நோன்பு இருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் வந்து எழுப்பிப் பார்க்கிறார்கள். எழவும் இல்லை, அவர்களோடு உண்ணவும் இல்லை. ஏழாம் நாள் குழந்தை இறந்துபோகிறது. அரசனுக்கு அரண்மனையில் உணவுக்கா பஞ்சம்? சோறு இறங்காது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவரிடம் போய் ‘சாப்பிடுங்க, சாப்பிடுங்க’ என்று வற்புறுத்தினால் பயனில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். யாயீரின் மகள் கதையிலும் பாருங்கள்: சிறுமி எழுந்து நடக்கிறாள், எல்லாரும் மலைத்துப்போய் நிற்கிறார்கள். அவளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்று இயேசுதான் நினைவூட்டுகிறார். பெற்றவர்களுக்கே அது தோன்றவில்லை. மருத்துவமனையில் நல்ல செய்தி வந்தாலும் கெட்ட செய்தி வந்தாலும் மனிதர்கள் சாப்பிட மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் பங்கில் வேலை தொடங்கியதற்குக் காரணம் ஒரு பாட்டி. தாத்தாவுக்குச் சர்க்கரைப் புண், காலில் அறுவை சிகிச்சை. பாட்டி மூன்றாம் நாள் லேப் வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தார். அவரையும் சேர்த்து, அவருக்கும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வீட்டில் இருந்த ஒரே துணையும் நோயாளியாகிவிட்டது. இன்னும் சிலர் இருக்கிறார்கள். கையில் இருந்த காசு தீர்ந்ததும், டாக்டர் போகவேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பாதிச் சிகிச்சையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நோயாளியைக் கூட்டிப் போய்விடுகிறார்கள். மருந்து இலவசம், படுக்கை இலவசம், ஆனாலும் போகிறார்கள். ஒரு வேளைச் சோறு சில நேரம் ஓர் அறுவை சிகிச்சை அளவுக்குக் காரியம் செய்யும் என்று அப்போதுதான் எங்கள் மக்களுக்குப் புரிந்தது.

சரி, புரிந்தவுடன் என்ன செய்தோம்? எல்லாரும் ஒரே நாளில் கொண்டுவந்து குவித்தார்கள்! அது ஒரு திருவிழா ஞாயிறு. பிரியாணி, கேசரி, பழம். ஒரே வார்டுக்கு மூன்று குழுக்கள். செவ்வாய்க்கிழமை ஓர் ஆளும் இல்லை.

இது புதிய கதையுமல்ல. 1617-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பிரான்சு நாட்டில் ஷத்தியோன் என்ற சிற்றூர். புதிதாக வந்த பங்குக் குரு திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருக்கிறார். ஒரு பெண்மணி வந்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் விழுந்துவிட்டார்கள், ஒருவருக்கொருவர் உதவக்கூட ஆளில்லை என்கிறார். குரு அன்றைய மறையுரையிலேயே அதைச் சொல்கிறார். மாலையில் அந்த வீட்டுக்கு அவர் நடந்துபோகும்போது வழியெல்லாம் ஜனம். அப்பமும் இறைச்சியும் சுமந்து போகிறவர்கள் ஒரு பக்கம், கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். வெயிலுக்கு மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்களாம். அந்தக் குருதான் புனித வின்சென்ட் தே பவுல். அவர் மகிழ்ந்தார், ஆனால் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இவ்வளவும் ஒரே நாளில் வந்தால் பாதி கெட்டுப்போகும், நாளை மறுநாள் அந்தக் குடும்பம் பழையபடி பட்டினி கிடக்குமே என்று யோசித்தார். சில நாட்களுக்குள் ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார். அன்றைக்கு யார் முறையோ அவர் சமைத்து நோயாளிக்குக் கொண்டுபோக வேண்டும். அன்பிருந்தது, ஒழுங்கில்லை; அவர் கொடுத்தது ஒழுங்கை. அவர் பெயரால் 1833-இல் பாரிசில் தொடங்கிய சபை இன்று நம் பங்குகளிலும் இருக்கிறது.

அந்தப் பெண்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒழுங்குமுறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி உண்டு. பரிமாறும்போது யாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்றுகூட அதில் சொல்கிறார். துணைக்கு ஆள் இருப்பவரிடம் முதலில் போங்கள், தனியாக இருப்பவரைக் கடைசியாக வையுங்கள் என்கிறார். ஏன் தெரியுமா? கடைசி என்றால் அவசரமில்லாமல் அவரோடு கூடுதல் நேரம் இருக்கலாம். நானூறு ஆண்டுக்கு முந்தைய இந்தச் சின்ன யோசனையை அப்படியே எடுத்து எங்கள் குழுவுக்குக் கொடுத்தேன். தூக்குவாளியின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, சுவரோரம் தனியே உட்கார்ந்திருப்பவரிடம் கடைசியாகப் போவார்கள்.

இப்போது எங்கள் பங்கில் நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் பங்கைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. வேறு ஊர்களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்குப் பயன்படலாம். கிழமைக்கு ஓர் அன்பியம் பொறுப்பு. 100 பேருக்கு 10 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு, காய்கறி. சாம்பார் சாதமாகவே கிளறிவிடுகிறார்கள். தேங்காய்ச் சட்னி கிடையாது, வெயிலுக்குச் சீக்கிரம் ஊசிப்போகும். தயிர் சாதம் என்றால் பாலை அதிகம் விட்டுத் தயிரைக் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும், புளிக்காது. காரம் குறைவு, கூட இருப்பவர் தன் பங்கிலிருந்து நோயாளிக்கு ஒரு வாய் ஊட்டாமல் இருக்கமாட்டார், அதைத் தடுக்கவும் முடியாது. முட்டையோ இறைச்சியோ இல்லை, எல்லாரும் சாப்பிட வேண்டுமே. அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தை அண்டாவில் சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்காவிட்டால் மிச்சம் யாருக்கும் போகாது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை வாங்கிக்கொள்ளச் சொல்லி அடிக்கடி போன் வரும். வாங்குவதில்லை. ஏற்கெனவே துன்பத்தில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கையும் சேர்த்துக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறோம். நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறோம். வார்டுக்குள் போவதில்லை, அவர்கள் காட்டிய மரத்தடியிலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளி நடையிலும் மட்டும். ‘நல்லது செய்ய அனுமதி எதற்கு ஃபாதர்?’ என்று சிலர் கேட்டார்கள். காவலாளியோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு நல்லது செய்ய முடியாது, அதற்காகத்தான்.

மூன்று காரியங்களில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வரிசையில் நிறுத்தக்கூடாது. பிள்ளையின் உயிருக்காகக் காத்திருக்கும் தகப்பனைத் தட்டேந்தி நிற்க வைப்பது சரியல்ல. பாத்திரம் வைத்திருப்பவர் பாத்திரத்தில், இல்லாதவருக்கு இலையில், அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே கொடுக்க வேண்டும். அடுத்தது, போட்டோ கூடாது. பிறந்தநாளுக்கு அன்னதானம் கொடுப்பவர்களுக்கு இதில் வருத்தம் உண்டு, எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் குழந்தை கேக் வெட்டும் படத்தை எடுங்கள், அடுத்த வீட்டுக்காரர் கையேந்தும் படம் உங்களுக்கு எதற்கு?

மூன்றாவது, துண்டுப் பிரசுரம், படம், ஜெபமாலை எதுவும் சோற்றோடு போகக்கூடாது. இதில்தான் என்னோடு வாதாடுகிறவர்கள் அதிகம். ‘ஃபாதர், இயேசுவைச் சொல்லாமல் சோறு மட்டும் போடவா?’ என்கிறார்கள். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2005-இல் கையெழுத்திட்ட அன்பைப் பற்றிய தம் முதல் சுற்றுமடலில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். அன்புப் பணியை மதம் சேர்க்கும் கருவியாக்கக் கூடாது. எப்போது கடவுளைப் பற்றிப் பேச வேண்டும், எப்போது பேசாமல் அன்பை மட்டும் பேசவிட வேண்டும் என்று கிறிஸ்தவனுக்குத் தெரிய வேண்டும் என்கிறார். யாராவது தாமாகவே செபிக்கச் சொல்லிக் கேட்டால் செபிக்கிறோம். எங்கள் குழுவில் இப்போது பக்கத்துத் தெரு முஸ்லிம் அண்ணன் ஒருவர் அரிசி மூட்டை இறக்குகிறார். காய் நறுக்க வரும் அம்மாக்களில் இருவர் மாரியம்மன் கோவில் தெருக்காரர்கள். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்பதை அவர்களில் ஒருவர்தான் எங்கள் இளைஞர்களுக்குச் சொன்னார். நம் பிள்ளைகள் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சி.

சமையலை ஒரு கீழான வேலையாக நினைப்பது ஆண்களிடம் அதிகம். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை அவர்கள் வாசிக்க வேண்டும். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. அதைத் தீர்க்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தூய ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பந்தி விசாரிக்க இவ்வளவு தகுதி தேவைப்பட்டது! அந்த ஏழு பேரில் முதற்பெயர் ஸ்தேவான், திருச்சபையின் முதல் மறைச்சாட்சி. இறைவார்த்தைப் பணிக்கும் பந்திப் பணிக்கும் அங்கே ‘தியாக்கோனியா’ என்ற ஒரே வேர்ச்சொல்தான் வருகிறது. எங்கள் பங்கில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் அண்டா கழுவுகிறார். மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

நம் தென் மாவட்டங்களில் அசனம் என்பது புதிதல்ல. உவரிக்கும் புளியம்பட்டிக்கும் போய் அந்தோனியாருக்கு நேர்ச்சையாகச் சோறு பொங்கிப் போடுகிறோம். காய்ச்சலில் கிடந்த பிள்ளை பிழைத்தால் அசனம், வேலை கிடைத்தால் அசனம். அந்த நேர்ச்சையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நம் முன்னோர் தந்த அழகான பக்தி. ஆனால் இந்தத் தவக்காலத்தில் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை எந்த மருத்துவமனையில் பிழைத்தானோ, அந்த மருத்துவமனையின் மரத்தடியிலும் ஒரு நாள் அந்த அசனத்தைப் போடுங்களேன். அங்கே இன்றைக்கும் யாரோ ஒருவர் அதே நேர்ச்சையை மனதுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தவக்காலத்தில் ஆள் குறைவதில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வேளை நோன்பிருந்து அந்த அரிசியை அப்படியே கொண்டுவந்து கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. உயிர்ப்புப் பெருவிழா முடிந்து, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கி, எல்லாரும் ஊருக்குப் போய்விடும் மே மாதத்தில்தான் அடுப்படி காலியாகிறது. மே மாதத்திலும் மருத்துவமனைக்கு விடுமுறை கிடையாது. ஆகவே, இன்று திருப்பலி முடிந்து போகும்போது, கோவில் வாசலில் மாதர் சங்கத்தார் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஏப்ரல் வரை பெயர்கள் நிறைந்துவிட்டன. மே, ஜூன் மாதங்களில் புதன்கிழமைகளுக்கு இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. சமைக்கத் தெரியாதவர்கள் வெங்காயம் உரிக்கலாம். காலை ஐந்தரை மணிக்கு வந்தால் போதும். இந்த நிகழ்ச்சியை வேறு ஊர்களில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உங்கள் பங்குத் தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். அவர் இல்லையென்று சொல்லமாட்டார்.

தந்தை மகன் தூய ஆவியாராம் இறைவன் உங்களையும், மருத்துவமனைகளில் இந்தக் காலை வேளையில் விழித்திருப்போரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.